பயதேர்: பாரிஸ் மேடையில் ஆடிய ஐந்து தமிழ்ப் பெண்கள்

லாச்சப்பல் என்றதும் பாரிஸ் தமிழர்களுக்கு முருங்கைக்காயும் புடவைக்கடையும்தான் நினைவுக்கு வரும். ஸ்தேன் போன்ற புறநகர்களில் இருப்பவர்கள் ரயிலேறி கார் து நோர் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடையில் கடைத்தெரு. மளிகை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவதுதான் வழக்கம். ஒருநாள் திரும்பாமல், அதே ஃபொபூர் சேன் தெனி தெருவில் தெற்கே நடந்து பாருங்கள். 1672இல் பதினான்காம் லூயி மன்னருக்காகக் கட்டிய பெரிய கல் வளைவு வரும். அங்கே வலப்பக்கம் பெருவீதியில் திரும்பி இன்னும் சிறிது தூரம் போனால் மோன்மார்த்ர் பெருவீதி, 7ஆம் எண். 'தெயாத்ர் தே வரியெத்தே' என்ற நாடக அரங்கம். 1807இல் திறந்தது, இன்றும் அங்கே நாடகம் நடக்கிறது. கடைத்தெருவிலிருந்து முக்கால் மணி நேர நடைகூட இல்லை.

1838ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்த மேடையில் ஐந்து தமிழ்ப் பெண்கள் சதிர் ஆடினார்கள். கார் து நோர் நிலையம் அப்போது கட்டப்படவில்லை. லாச்சப்பல் பாரிசோடு சேராத ஒரு தனிக் கிராமம், 1860இல்தான் நகரத்துக்குள் வந்தது. இங்கே தமிழ்க் கடைகள் வருவதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நடனம் வந்துவிட்டது.

எனக்கு இது தெரியவந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. மெட்ரோ நிலையச் சுவரில் 'லா பயதேர்' என்ற பாலே நடனத்தின் விளம்பரத்தைப் பார்த்தேன். தலையில் முக்காடும் நெற்றியில் பொட்டுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண். மென்பொருள் வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. திரையில் விசித்திரமாக ஏதாவது தெரிந்தால் அது எந்த வரியிலிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போவது. நான் நடனம் கற்றவனும் இல்லை, வரலாறு படித்தவனும் இல்லை. அந்தப் பழக்கத்தோடு ஒரு சொல்லைப் பின்தொடர்ந்தேன். வழியில் கிடைத்தவற்றைத்தான் இங்கே வைக்கிறேன்.

சொல்லும் கதையும்

'பயதேர்' தமிழ்ச் சொல் மாதிரியே ஒலிக்கவில்லை, அல்லவா? மூலம் போர்ச்சுகீசியம். 'பைலாதெய்ரா' என்றால் ஆடும் பெண். கோவாவிலும் சோழமண்டலக் கரையிலும் கோயில்களில் ஆடிய பெண்களைப் போர்ச்சுகீசியர் அப்படி அழைத்தார்கள். அது பிரெஞ்சுக்குப் போய் 'பயதேர்' ஆனது. தேவதாசி, தேவரடியார், பதியிலார், மாணிக்கம் என்று நம் கல்வெட்டுகளிலும் வழக்கிலும் இருந்த வேறுவேறு பெயர்களும் அவற்றுக்குப் பின்னால் இருந்த கடமைகளும் உரிமைகளும் இந்த ஒரே சொல்லில் கரைந்துவிட்டன.

சொல்லோடு ஒரு கதையும் கப்பலேறியது. பழவேற்காட்டில் 1632 முதல் பத்தாண்டுகள் இருந்த டச்சுப் பாதிரியார் ஆபிரகாம் ரோஜர், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்தவற்றைப் புத்தகமாக எழுதினார். 1651இல் அச்சான அந்தப் புத்தகத்தில் ஒரு கதை. தேவேந்திரன் மனித வடிவில் ஒரு தாசியிடம் வந்து, இறந்ததுபோல் கிடந்து, அவள் தன்னோடு உடன்கட்டை ஏறுவாளா என்று சோதிக்கிறான். பாண்டிச்சேரியில் இருந்த சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782இல் வெளியிட்ட பயண நூலிலும் இதே கதை வருகிறது. அதை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்தவர்களில் ஒருவர் மகாகவி கதே. 1797இல் அவர் 'கடவுளும் பயதேரும்' என்ற கதைப்பாடலை எழுதினார். கவிதையில் அந்தப் பெண் தீயில் பாய்கிறாள், கடவுள் அவளைக் கையில் ஏந்தி வானுக்குப் போகிறார்.

1830இல் அதுவே பாரிஸ் ஆபராவில் அரங்கேறியது. எழுதியவர் ஸ்கிரீப், இசை ஒபேர். ஆடும் பெண்ணாக வந்தவர் அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த பாலே கலைஞர் மரி தாக்லியோனி. அந்த ஆபரா அரங்கு, மேலே சொன்ன வரியெத்தே அரங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. பாரிஸ் ரசிகர்கள் பல ஆண்டுகளாகத் தாக்லியோனியைப் பார்த்து, இந்திய ஆடல்மகள் இப்படித்தான் இருப்பாள் என்று மனதில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள். வெள்ளை மெல்லிய ஆடை, விரல் நுனியில் நடை, தீராக் காதல்.

அந்த நேரத்தில்தான் உண்மையான ஆடல்மகளிர் வந்து இறங்கினார்கள்.

வந்தவர்கள் யார்?

தர்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் பாண்டிச்சேரியில் ஒப்பந்தம் போட்டு ஒரு குழுவை அழைத்து வந்தார். ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. ஆகவே ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கடற்பயணம். 1838 ஜூலையில் பொர்தோ துறைமுகத்தில் இறங்கினார்கள்.

பெயர்களைப் பார்த்தால் முதலில் ஒன்றும் புரியாது. அமானி, திலே அம்மாள், ராம்கூன், சவுந்திரூன், வேதூன். மெல்ல உச்சரித்துப் பாருங்கள். அம்மணி, தில்லையம்மாள், ரங்கம், சௌந்தரம் அல்லது சுந்தரம், வேதம் என்று நம் பாட்டிமார் பெயர்கள் எட்டிப்பார்க்கும். தில்லையம்மாளுக்கு முப்பது வயது, அம்மணிக்குப் பதினெட்டு, ரங்கமும் சுந்தரமும் பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமிகள், வேதத்துக்கு ஆறு என்று அன்றைய பத்திரிகைகள் கணக்குத் தருகின்றன. ஆறு வயதுக் குழந்தை! மூன்றாம் வகுப்புக்குக்கூடப் போகாத வயதில் அவள் கடல் கடந்து வந்து, மொழி தெரியாத ஊரில் இரவு விளக்கு வெளிச்சத்தில் ஆடியிருக்கிறாள்.

ஆண்களில் ராமலிங்கம் தாளம் தட்டி ஆட்டுவித்த நட்டுவனார். சரவணன், தேவநாயகம் என்று இரண்டு இசைக் கலைஞர்கள். ஊரின் பெயர் பிரெஞ்சில் திண்டிவனமோ என்று மயங்கும்படி சிதைந்திருக்கிறது. டச்சு இசையியலாளர் யோப் போர் போன்ற ஆய்வாளர்கள் அதைக் கடலூர்ப் பக்கத்துத் திருவஹீந்திரபுரம் என்று அடையாளம் காண்கிறார்கள். பேச்சுவழக்கில் திருவந்திபுரம். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று, வேதாந்த தேசிகர் வாழ்ந்த ஊர். அங்கே பெருமாளின் பெயர் தேவநாதன், தெய்வநாயகன். மத்தளக்காரரின் பெயர் தேவநாயகம் என்பதைப் பார்க்கும்போது இந்த அடையாளம் சரிதான் என்று எனக்கும் படுகிறது. ஊர்ப் பெருமாள் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நம் வழக்கம்தானே.

பாரிசில் அவர்களைத் தங்கவைத்தது 'அலே தே வவ்', அதாவது விதவைகள் சாலை என்ற இடத்தில். இன்று அது மோந்தேஞ் நிழற்சாலை, உலகத்தின் விலையுயர்ந்த ஆடைக்கடைகள் வரிசையாக நிற்கும் தெரு. துய்லரி அரண்மனையில் லூயி பிலிப் மன்னர் முன்னால் ஆடினார்கள். பிறகு வரியெத்தே அரங்கில் பொதுமக்களுக்கு.

பாரிஸ் எதைப் பார்த்தது?

'லா பிரெஸ்' பத்திரிகையில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த தியோஃபில் கோத்தியே என்ற இளம் கவிஞர் அரங்கேற்றத்துக்கு முன்பே அந்த வீட்டுக்குப் போய் அவர்களைப் பார்த்தார். அம்மணியைப் பற்றி உருகி உருகி எழுதினார். அவளுடைய தோலின் நிறம், கண்கள், மூக்குத்தி, கைவளை எல்லாம் பக்கம் பக்கமாக வருகின்றன. ஆட்டத்தையும் பாராட்டினார். புறாக்கள் என்று நிகழ்ச்சி நிரலில் பெயரிட்ட ஓர் ஆட்டத்தில், நீளமான மஸ்லின் துணியை ஆடிக்கொண்டே முறுக்கி மடித்துப் பனைமரமாகவும் பறவையாகவும் மாற்றிக் காட்டியதை அவர் வியந்து சொல்கிறார். ஆனால் பாடிய பாட்டில் என்ன சொன்னார்கள், எந்தக் கைமுத்திரைக்கு என்ன பொருள் என்பதைப் பற்றி அவரிடமிருந்து அதிகம் கிடைக்காது.

ரசிகர்களுக்கும் ஒரு குழப்பம். பாலே மேலே பறக்கும் ஆட்டம். பூமியைத் தொடாததுபோல் நடப்பதுதான் அதில் திறமை. சதிர் அரைமண்டியில் அமர்ந்து, பாதம் முழுதும் தரையில் பதிய, சலங்கை ஒலிக்க ஆடுவது. தாக்லியோனியை எதிர்பார்த்து வந்தவர்களுக்குத் தரையை மிதித்து ஆடும் அம்மணி ஓர் அதிர்ச்சி. முதல் நாட்களின் பரபரப்பு சீக்கிரமே அடங்கியது. அக்டோபரில் குழு லண்டன் அடெல்ஃபி அரங்குக்குப் போனது. பிறகு ஐரோப்பாவின் வேறு சில நகரங்கள். அதன்பின் செய்திகள் தேய்ந்துபோகின்றன.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். ஏதோ ஆதிகாலத்து மாறாத சடங்கைப் பார்க்கிறோம் என்று பாரிஸ்காரர்கள் நினைத்தார்கள். அதே ஆண்டுகளில் தஞ்சையில் நடந்ததோ வேறு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர், அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையில் சதிர்க் கச்சேரியைச் சீர்படுத்திய காலம் அது. வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் அவையில் இருந்தார். சதிர் அப்போது வளர்ந்துகொண்டிருந்த ஒரு தொழில்கலை. ஒப்பந்தம் போட்டுக் கப்பலேறிய ராமலிங்கமும் தில்லையம்மாளும் அந்தக் காலத்தின் தொழில்முறைக் கலைஞர்கள்.

வெண்கலமும் பாலேயும்

அம்மணிக்கு ஓர் உருவம் மிஞ்சியிருக்கிறது. புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது மறு ஆண்டு, 1839இல். ஆகவே புகைப்படம் இல்லை. ஆனால் ழான் ஒகுஸ்த் பார் என்ற சிற்பி 1838இல் அவளைச் சிறிய வெண்கலச் சிலையாக வடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் சிலை செய்த இருவர் யார் தெரியுமா? தாக்லியோனியும் ஃபான்னி எல்ஸ்லரும். ஐரோப்பாவின் முதல்வரிசை நடனக்காரிகள் இருவரோடு கடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் அந்த வரிசையில் நிற்கிறாள்.

கோத்தியே அம்மணியை மறக்கவில்லை. 1841இல் புகழ்பெற்ற 'ழிசெல்' பாலேவின் கதையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1858இல் காளிதாசனின் சாகுந்தலத்தைப் பாரிஸ் ஆபராவுக்குப் பாலேவாக எழுதிக் கொடுத்தார். அதற்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெத்திபா. அவருடைய தம்பி மரியுஸ் பெத்திபா ரஷ்யாவில் வேலை பார்த்தார். 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அவர் மேடையேற்றியதுதான் 'லா பயதேர்'. மெட்ரோ சுவரில் நான் பார்த்த விளம்பரம் இதன் வாரிசு. கோயில் ஆடல்மகள் நிகியா, வீரன் சோலோர் மேல் காதல் கொள்கிறாள், பூக்கூடையில் ஒளித்து அனுப்பிய பாம்பு தீண்டிச் சாகிறாள், பிறகு ஆவியாக வந்து ஆடுகிறாள். நிகியா என்ற பெயரில் எந்த ஊர்க் கோயிலிலும் யாரும் ஆடியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பாரிசுக்குள்ளேயே இன்னொரு கிளை. 1883இல் தெலிப் இசையமைத்த 'லக்மே' என்ற ஆபரா. லக்மே நம் லட்சுமி. அப்பா நீலகண்டர், தோழி மல்லிகா. சந்தைக் காட்சியில் பயதேர்கள் ஆடும் துண்டுகளில் ஒன்றின் பெயர் 'தெரானா', நம் தில்லானாவின் வடநாட்டு உறவு. லக்மேயும் மல்லிகாவும் பாடும் மலர்ப் பாட்டை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரங்களில் பல ஆண்டுகள் ஒலித்தது அதுதான்.

இளங்கோ பார்த்த பார்வை

இத்தனையையும் அடுக்கிப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. கதேயின் பெண் தீயில் பாய்கிறாள், நிகியா பாம்பு கடித்துச் சாகிறாள், லக்மே விஷ இலையைத் தின்று சாகிறாள். ஆடத் தெரிந்த பெண்ணைக் கதைக்குள் கொண்டுவருகிறார்கள், ஆனால் அவளுடைய மதிப்பைத் தீர்மானிப்பது காதலும் சாவும்தான். அவள் எத்தனை வருடம் கற்றாள், யாரிடம் கற்றாள், என்ன சம்பளம் என்று எந்தக் கதையும் கேட்பதில்லை.

வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று சொல்லிவிட முடியாது. கொத்தமங்கலம் சுப்புவின் கதையை ஏ.பி. நாகராஜன் 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படமாக எடுத்தார். நமக்கெல்லாம் பிடித்த படம். அதில் ஆட்டத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் நடக்கும் போட்டி இருக்கிறது, கலைஞர்களின் கர்வம் இருக்கிறது. அந்த வகையில் பெத்திபாவைவிடப் பல படி மேல். ஆனாலும் மோகனா கடைசிவரை நிரூபிக்க வேண்டியிருப்பது, தான் சிக்கல் சண்முகசுந்தரம் ஒருவரையே நினைப்பவள் என்பதைத்தான்.

விதிவிலக்கு நம்மிடமே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறுகிறாள். அவளுடைய ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமைக்காரர், குழல்காரர், யாழ்காரர் ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோ பட்டியல் போடுகிறார். மேடை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். விளக்கின் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதுகூட இருக்கிறது. கடைசியில் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும். காதலும் துயரமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஒரு பொறியாளன் படித்தால் மகிழ்ந்துபோகும் காதை அது. கலையை ஒரு வேலையாக மதித்து, அதன் அளவுகளோடு எழுதியிருக்கிறார். கோத்தியே அம்மணியின் மூக்குத்தியைப் பார்த்த கவனத்தில் பாதியையாவது ராமலிங்கத்தின் தாளத்துக்குக் கொடுத்திருந்தால், 1838இன் சதிர்க் கச்சேரி பற்றி நமக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்!

திரும்பி வந்த கலை

இந்தக் கதையின் கடைசிச் சுற்று சென்னையில் முடிகிறது. 1902இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிகியாவாக ஆடியவர்களில் ஒருவர் அன்னா பாவ்லோவா. 1920களின் இறுதியில் அவரைச் சந்தித்த ருக்மிணி தேவி, அவர் குழுவைச் சேர்ந்தவரிடம் பாலே கற்கத் தொடங்கினார். உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவா. ருக்மிணி தேவி தேவதாசி மரபைச் சேர்ந்த மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், தஞ்சை நால்வரின் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935இல் அடையாற்றில் ஆடினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. கற்பனைத் தேவதாசியாக ஆடிய ஒரு ரஷ்யப் பெண்ணின் சொல், உண்மையான தேவதாசி ஒருவரின் வீட்டு வாசலுக்கு ஒரு மாணவியை அனுப்பியிருக்கிறது.

அதே காலத்தில் அந்த வீடுகளின் வாசல்கள் மூடிக்கொண்டிருந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் இறுதியில் சட்டசபையில் தொடங்கிய போராட்டம், 1947இல் சென்னை மாகாணத்தின் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக முடிந்தது. வேதத்தைப் போன்ற ஆறு வயதுக் குழந்தைகளை நினைத்தால் அந்தச் சட்டம் வேண்டாம் என்று எந்த மனச்சாட்சியும் சொல்லாது. இன்னொரு பக்கம், சதிர் பரதநாட்டியம் என்ற பெயரில் கௌரவம் பெற்றபோது, அதைத் தலைமுறைகளாகக் காத்த பெண்களில் பெரும்பாலோருக்கு மேடையில் இடம் இல்லாமல் போனது. பாலசரஸ்வதி போன்ற மிகச் சிலரே நிலைத்து நின்றார்கள். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

பாரிஸ் பக்கமும் கேள்விகள் எழுந்திருக்கின்றன. ருடால்ஃப் நூரியேவ் 1992இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 'லா பயதேர்' முழுவதையும் பாரிஸ் ஆபராவுக்காக அமைத்தார். 2020இல் அந்த ஆபராவின் கலைஞர்களே சிலர், தோலைக் கறுப்பாக்கும் ஒப்பனை போன்ற பழக்கங்களைப் பற்றி வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள். 2021இல் அதுகுறித்து ஓர் அறிக்கையும் வந்தது. நல்ல தொடக்கம்தான். அந்தப் பேச்சில் அம்மணிக்கும் ஓரிடம் வேண்டும் என்பது என் ஆசை. மேடையில் இருக்கும் கற்பனைப் பெண்ணுக்கு முன்னால், சில தெருக்கள் தள்ளி, ரத்தமும் சதையுமாக ஐந்து பேர் ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்று லாச்சப்பலைச் சுற்றி எத்தனையோ பிள்ளைகள் வார இறுதியில் பரதநாட்டியம் கற்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் கோடையின் இறுதியில் மாணிக்க விநாயகர் தேர் இந்தத் தெருக்களில் ஓடுகிறது, சாலையெல்லாம் தேங்காய் உடைகிறது. பாரிசில் நாம் ஆடுவதும் பாடுவதும் 1980களுக்குப் பிறகு தொடங்கியது என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அரங்கேற்றத்துக்கு முன் ஒரு மாலை அவர்களை வரியெத்தே அரங்க வாசல்வரை நடத்திக் கூட்டிப்போய் இந்த எட்டுப் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கலாம். தில்லையம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம், ராமலிங்கம், சரவணன், தேவநாயகம். பிரெஞ்சுக்காரர் வாயில் சிதைந்த பெயர்களைச் சரியாகச் சொல்ல நம் பிள்ளைகளால் முடியும்.